பழைய கொலையும் அறிவிப்பாளர் தொடரும்: வரலாற்றை மீள விசாரிக்கும் துப்பறியும் கதைகள்

உயர்தர வகுப்பில் வரலாற்று நாவல் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகளைக் கொஞ்சம் விழிக்க வைக்க ஒரு கேள்வி கேட்டேன்: "ஆதித்த கரிகாலனக் கொன்றது யாரு?"

"நந்தினி, டீச்சர்" என்றது ஒரு குரல். "இல்ல டீச்சர், பழுவேட்டரையர்" என்றது இன்னொரு குரல். "யார் சொன்னது?" என்று கேட்டேன். "படத்தில வந்திச்சே" என்றார்கள். மணிரத்னத்தின் படம் 2022இலும் 2023இலும் இரண்டு பாகமாக வந்த பிறகு எங்கட பிள்ளைகளுக்குச் சோழ வரலாறு கைப்பாடம். நந்தினி என்று ஒருத்தியைச் சொல்லும் கல்வெட்டு எதுவும் இல்லை, அவள் கல்கி படைத்த பாத்திரம் என்று விளக்கினேன். வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பிறகு பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கேட்டது: "அப்ப உண்மையாக் கொன்றது யாரு டீச்சர்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயல்வதற்கென்றே ஒருவகைப் புனைகதை உலகெங்கும் எழுதப்படுகிறது. பல நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு கொலையை, காணாமற்போன ஒரு மனிதரை, தீர்ப்பு எழுதி மூடிய ஒரு வழக்கை எடுத்து, துப்பறியும் கதையின் முறையில் மீள விசாரிக்கும் நாவல்கள் அவை. குற்றவாளியும் சாட்சியும் நீதிபதியும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பது சொல் மட்டும். யாரோ சொன்னதை யாரோ எழுதியதும், அதை இன்னொருவர் பிரதி எடுத்ததும்தான் அங்கே தடயம். அதனால்தான் இவ்வகை நாவலை மதிப்பிட நாம் வேறெங்கும் போகத் தேவையில்லை என்று எனக்குப் படுகிறது. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா, அவர் நம்பகமானவரா என்று ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்க்கும் ஒரு கலையை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வளர்த்து வைத்திருக்கிறார்கள். ஹதீஸ் கலையின் இஸ்னாத் ஆய்வைத்தான் சொல்கிறேன். அந்த அளவுகோலை வைத்துச் சில நூல்களைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கடைசியில் அதை என் வீட்டு வழக்கு ஒன்றிலும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தடயம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நமக்குப் புதிய விடயம் அல்ல. சூறா யூஸுபை ஓதும் எவருக்கும் அந்தச் சட்டை தெரியும். பெண் ஒன்று சொல்கிறாள், யூஸுப் அலைஹிஸ்ஸலாம் வேறொன்று சொல்கிறார்கள். சாட்சி இல்லாத இடத்தில் அவளுடைய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் ஒரு சோதனையை முன்வைக்கிறார். சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது உண்மை, பின்புறம் கிழிந்திருந்தால் இவர் சொல்வது உண்மை. பார்க்கிறார்கள், பின்புறம் கிழிந்திருக்கிறது. அதே சூறாவின் தொடக்கத்தில் இன்னொரு சட்டை வருகிறது. சகோதரர்கள் பொய் இரத்தம் தோய்த்துக் கொண்டுவந்த சட்டை. ஓநாய் தின்றிருந்தால் சட்டை கிழியாமல் இருப்பது எப்படி என்று யஃகூப் அலைஹிஸ்ஸலாம் பொய்யைக் கண்டுகொண்டதாகத் தப்ஸீர் ஆசிரியர்கள் விளக்குவார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இரு இடத்திலும் சோதிக்கப்படுவது பொருள். யாருக்கு இலாபம், யார் முகத்தில் கள்ளம் தெரிகிறது என்ற கேள்வி அந்தச் சோதனையில் இல்லை. இன்றைய துப்பறியும் கதையோ பெரும்பாலும் இலாபத்தில் இருந்துதான் தொடங்குகிறது. 'யாருக்கு நன்மை?' என்று கேட்டு, நன்மை அடைந்தவரைக் கூண்டில் ஏற்றுகிறது. உயிரோடு இருப்பவரின் வழக்கில் இந்தக் கேள்வி ஒரு நல்ல தொடக்கம், ஏனென்றால் அவரை அழைத்து விசாரிக்கலாம். இறந்தவரின் வழக்கில் அதுவே முடிவாகவும் ஆகிவிடுகிறது. ஆபத்து அங்கேதான்.

இவ்வகையில் முன்னோடி எட்கர் அலன் போ. 1841இல் நியூயோர்க்கில் காணாமற்போன மேரி ரோஜர்ஸ் என்ற இளம்பெண்ணின் சடலம் ஹட்சன் ஆற்றில் மிதந்தது. மறு ஆண்டு போ அதைப் பாரிஸுக்கு மாற்றி, பெண்ணின் பெயரை மேரி ரோஜே என்று ஆக்கி, பத்திரிகைச் செய்திகளை மட்டும் வைத்துத் தன் துப்பறிவாளர் துப்பினைக் கொண்டு வழக்கைத் தீர்க்க முயன்றார். தொடர் வந்துகொண்டிருக்கும்போதே உண்மை வழக்கில் புதிய தகவல் வெளியாகி அவருடைய ஊகத்தை ஆட்டம் காண வைத்தது. பின்னர் நூலாக்கும்போது கதையில் சில இடங்களைத் திருத்திக்கொண்டார். ஒரு வருடப் பழைய வழக்கிலேயே இந்தப் பாடு. ஐந்நூறு வருடப் பழைய வழக்கில் நிலை என்ன?

அதற்குப் பதிலாக எல்லோரும் சுட்டும் நூல் ஜோசஃபின் டே எழுதி 1951இல் வெளிவந்த 'காலத்தின் மகள்'. கால் முறிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் ஸ்கொட்லண்ட் யார்ட் இன்ஸ்பெக்டர் அலன் கிரான்ட், பொழுது போகாமல் பழைய ஓவியங்களைப் பார்க்கிறார். ஒரு முகம் அவருக்குப் பிடித்துப்போகிறது. யாரென்று பார்த்தால் மூன்றாம் ரிச்சர்ட். இரண்டு சிறுவர்களை, தன் சொந்த அண்ணன் மக்களை, இலண்டன் கோபுரத்தில் வைத்துக் கொன்றவன் என்று ஷேக்ஸ்பியர் உலகுக்குச் சொன்ன அதே அரசன். இந்த முகம் கொலைகாரன் முகம் அல்லவே என்று கிரான்ட் விசாரணையைத் தொடங்குகிறார். படுக்கையை விட்டு எழவே மாட்டார். ஒரு அமெரிக்க இளைஞன் நூலகத்துக்குப் போய்க் குறிப்புகள் கொண்டுவருவான். நாவல் முழுக்க நடப்பது அவ்வளவுதான். ஆனாலும் கீழே வைக்க மனம் வராது.

அதில் ஓர் இடம் வாசித்தபோது எனக்கு மதரஸாவில் கேட்டது ஞாபகம் வந்தது. ரிச்சர்ட்டின் கொடுமைகளுக்குப் பெரிய ஆதாரம் தோமஸ் மோர் எழுதிய வரலாறு. மோர் நேர்மையானவர், பின்னாளில் கொள்கைக்காக உயிர் கொடுத்தவர். அவர் சொன்னால் பொய்யா? கிரான்ட் கணக்குப் பார்க்கிறார். மோர் பிறந்தது 1478இல். ரிச்சர்ட் போரில் இறந்தது 1485இல். அப்போது மோர் சின்னப் பிள்ளை. அப்படியானால் அவர் பார்த்து எழுதவில்லை, கேட்டு எழுதினார். யாரிடம்? மோர் சிறுவயதில் ஜோன் மோர்ட்டன் என்ற பெரிய மதகுருவின் வீட்டில் பணிபுரிந்தார். மோர்ட்டனோ ரிச்சர்ட்டின் கடும் எதிரி. இதைத்தானே நம் முஹத்திஸ்கள் செய்தார்கள்? பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, சந்திப்பு, சார்பு. அறிவிப்பாளர் நல்லவர் என்பதால் அறிவிப்புச் சரியாகிவிடாது, அவருக்கு மேலே இருக்கும் கண்ணியையும் பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய அடிப்படை விதி. ஆங்கில வாசகருக்கு இது ஒரு பெரிய திறப்பு. நமக்கு அது பழகிய பாதை.

ஆனால் நாவலின் பலவீனமும் அதே கண்ணில் படுகிறது. மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, கிரான்ட் முகத்தில் இருந்து தொடங்குகிறார். 2012இல் லெஸ்டர் நகரத்தில் ஒரு வாகனத் தரிப்பிடத்துக்குக் கீழே ரிச்சர்ட்டின் எலும்புக்கூடு கிடைத்தது. அவரே என்று மறு ஆண்டு உறுதிப்படுத்தினார்கள். முள்ளந்தண்டு பக்கவாட்டில் தெளிவாக வளைந்திருந்தது. கூன் என்பது எதிரிகள் கட்டிவிட்ட முழுப் பொய் என்று அவருடைய ஆதரவாளர் பலர் நம்பியிருந்தார்கள். எதிரி மிகைப்படுத்தியிருந்தான், ஆனால் அடியில் ஒரு உண்மை இருந்தது. எதிரியின் அறிவிப்பு என்பதற்காக எல்லாவற்றையும் தள்ளவும் முடியாது.

இரண்டாவது, ரிச்சர்ட்டை விடுவித்தவுடன் கிரான்ட் ஏழாம் ஹென்றியைக் கூண்டில் ஏற்றுகிறார். சிறுவர்கள் இல்லாமற்போனதால் சிம்மாசனம் உறுதிப்பட்டது ஹென்றிக்கு. ஆகவே ஹென்றி. இதிலும் இலாபக் கணக்கே பெரும்பங்கு வேலை செய்கிறது. ரிச்சர்ட்டுக்கு எதிரான சாட்சியத்துக்கு அவர் வைத்த கடுமையை ஹென்றிக்கு எதிரான சாட்சியத்துக்கு வைக்கவில்லை.

மூன்றாவதுதான் என்னை அதிகம் உறுத்தியது. பொய்யென்று தெரிந்தும் பரவவிடப்படும் வரலாற்றுக்கு உதாரணமாக கிரான்ட், 1910இல் வேல்ஸின் டொனிபாண்டியில் நடந்த சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தைச் சொல்கிறார். அங்கே இராணுவம் மக்களைச் சுட்டது என்பது கட்டுக்கதையாம். நடந்தது இலண்டன் பொலிஸாருடன் ஒரு சிறு கைகலப்புத்தானாம். ஆனால் அந்தப் பகுதிக்கு இராணுவம் அனுப்பப்பட்டதும், மோதலில் தலையில் அடிபட்டு ஒரு தொழிலாளி இறந்ததும் வரலாறு. மக்கள் சொன்ன கதையில் மிகை இருந்தது என்பது சரி. ஆனால் அந்த மிகையைச் சுட்டிக்காட்ட வந்தவர் அரசாங்கத்தரப்புக் கதையை அப்படியே விழுங்கிவிட்டார். அரசர்களின் அறிவிப்பாளரைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுத்த நாவல், தன் காலத்து அறிவிப்பாளரைச் சந்தேகிக்கவில்லை. பழைய வழக்கில் கடும் நியாயம், பக்கத்து வழக்கில் அலட்சியம். இது டே அம்மையாருக்கு மட்டும் உரிய குறை அல்ல.

இப்போது நம் மொழிக்கு வருவோம்.

தமிழில் மிக அதிகமாக மீள விசாரிக்கப்பட்ட கொலை ஆதித்த கரிகாலனுடையது. கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னைத் தொடராக எழுதினார். நான் அதை வாசித்தது புத்தளம் பக்கத்து அகதி முகாமில். நூலகம் என்று பெயர்பெற்ற ஓலைக் கொட்டிலில் நான்கு பாகம் இருந்தது, ஐந்தாவது இல்லை. கொலை ஐந்தாம் பாகத்தில். நானும் என் கூட்டாளிமாரும் இரண்டு வருடம் யார் கொன்றது என்று வாதாடினோம். பிறகு கொழும்பில் இருந்து யாரோ கொண்டுவந்த ஐந்தாம் பாகத்தை இரவிரவாக வாசித்து முடித்தால், கல்கியும் உறுதியாகச் சொல்லவில்லை! இருட்டில் நடக்கிறது, ஒருவருக்கு மேற்பட்டோர் பழியைத் தங்கள் தலையில் போட்டுக்கொள்கிறார்கள். அன்றைக்கு ஏமாந்துவிட்டோம் என்று கோபப்பட்டேன். இன்றைக்கு ஒரு ஆசிரியையாகத் திரும்பப் பார்க்கையில், ஐந்து பாகத்திலும் கல்கி செய்த மிக நேர்மையான காரியம் அதுதான் என்று தோன்றுகிறது. தெரியாததைத் தெரியாததாக விட்டார்.

அவர் முன்னால் இருந்த சாட்சியம் அப்படி. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு ஒன்று உண்டு. இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவன் பட்டத்துக்கு வந்தது 985இல். பாண்டியன் தலைகொண்ட கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற பெயர்கள் அதில் வருகின்றன. இவ்வளவும் நாவல் வாசகருக்குத் தெரியும். அதிகம் பேசப்படாதது, அது கொலை வழக்கின் தீர்ப்பே அல்ல என்பது. அது ஒரு காணி ஆவணம். துரோகிகளுடைய நிலத்தைப் பறித்து விற்கும்படி அரசன் ஊர்ச்சபைக்கு அனுப்பிய ஆணையும், அந்த நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கி அறத்துக்குக் கொடுத்த செய்தியும்தான் அதில் இருக்கின்றன. ஏன் கொன்றார்கள், எங்கே, எப்படி, யார் ஏவினார்கள் என்று ஒரு சொல்லும் இல்லை. பறிப்பு மட்டும் விரிவாக இருக்கிறது. குற்றவாளிகளின் காணி மட்டுமல்ல, உடன்பிறந்தார், பிள்ளைகள், மனைவிமார், பெண் கொடுத்தவர், பெண் எடுத்தவர் என்று நீண்டு உறவுக்காரரின் காணியும் பறிபோகிறது.

எங்கட ஊராருக்கு இந்த வரியை வாசிக்கும்போது நெஞ்சு ஒருதரம் நின்று அடிக்கும். செய்தவனைத் தேடுவதற்குப் பதிலாக அவன் இனம்சனத்தைத் தேடிக் காணியை எடுப்பது. அது எங்களுக்கு வாசித்துத் தெரிந்த விடயம் அல்ல.

வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி இந்தக் கல்வெட்டை வைத்து உத்தம சோழன் மீது சந்தேகத்தை எழுப்பினார். கொலை நடந்து பல ஆண்டு உத்தமன் ஆண்டான், தண்டனை வந்ததோ அவனுக்குப் பின் வந்த இராசராசன் காலத்தில். ஆகவே உத்தமன் மறைத்தான் என்று வாதம் போயிற்று. சதாசிவ பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை. பின்னர் குடவாயில் பாலசுப்ரமணியன் கல்வெட்டையே மீள வாசித்து, அது பேசுவது கொலைக்கான தண்டனையையா, அதற்குப் பிந்திய காணி விவகாரத்தையா என்ற கேள்வியை முன்னால் வைத்தார். ஓர் ஆவணம் எதைச் சொல்ல எழுதப்பட்டது என்று முதலில் கேட்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

நாவலாசிரியர்களோ அங்கே நிற்கவில்லை. காலச்சக்கரம் நரசிம்மாவின் 'சங்கதாரா' இந்த வழக்கை நேரடியாகவே துப்பறியும் நாவலாக எடுத்துக்கொண்டு, குந்தவையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. தம்பி பட்டத்துக்கு வந்தான், அதனால் நன்மை அக்காவுக்கு. கல்கி பூப்போல வளர்த்த ஒரு பாத்திரத்தைச் சந்தேகத்துக்கு உட்படுத்தும் துணிச்சல் எனக்குப் பிடிக்கிறது. வேகமாக வாசிக்கலாம். புனிதர் என்று நாம் பீடத்தில் ஏற்றிய ஒருவரையும் விசாரிக்கலாம் என்று காட்டுவது துப்பறியும் கதையின் நல்ல குணங்களில் ஒன்று. ஆனால் வாதத்தின் அச்சாணி என்ன? மறுபடியும் இலாபம். சாஸ்திரிக்கு உத்தமன், நரசிம்மாவுக்குக் குந்தவை, டேக்கு ஹென்றி. ஆட்கள் மாறுகிறார்கள், சூத்திரம் ஒன்றே: பலன் கண்டவன் செய்தவன்.

'கதைதானே, இதற்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கற்பனைக்கு இஸ்னாத் கேட்பது மடமை. சித்திலெப்பை 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதினார். கெய்ரோவில் பிறந்த குழந்தை கடத்தப்பட்டு இந்தியாவில் வளர்ந்து தன் பிறப்பின் மர்மத்தை அறியும் கதை அது. ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கத்திலேயே நம்மவர் ஒருவர் ஒரு மர்மத்தை வைத்தார் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதில் யாரும் ஆதாரம் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. அசன் உண்மை மனிதன் அல்ல. ஆனால் உண்மையில் வாழ்ந்து இறந்த ஒருவரின் பெயரை எடுத்து, 'இதோ கொலைகாரர்' என்று காட்டும்போது நாவல் வேறொரு பொறுப்புக்குள் வந்துவிடுகிறது. அந்த மனிதருக்கு மறுமொழி சொல்ல வாய் இல்லை. வாசகர் நாவலை மறப்பார், குற்றச்சாட்டை மறக்க மாட்டார். என் வகுப்புப் பிள்ளைகள்தான் சாட்சி. கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்துடைய நபிமொழியை இமாம் முஸ்லிம் தமது ஸஹீஹின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார்கள். நாவலாசிரியருக்கு அதில் விதிவிலக்கு உண்டா என்று நான் ஃபத்வாக் கேட்கவில்லை. விமர்சகராக அதை மனதில் வைத்துக்கொள்கிறேன்.

இனி என் வீட்டு வழக்கு.

1990 ஒக்டோபர் கடைசியில் விடத்தல்தீவை விட்டு வெளியேறியபோது எனக்கு ஒன்பது வயது. வட மாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வரலாற்றை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. போர் முடிந்து திரும்பி வந்தபோது எங்கட வளவில் அத்திவாரமும் கிணறும் மட்டும் நின்றன. சுற்றிவர விடத்தல் மரங்கள். வாப்பா கடலில் உழைத்துப் போட்ட ஓட்டுக் கூரை இல்லை, கதவு நிலை இல்லை, கிணற்றுக் கப்பியும் இல்லை.

உம்மாவுக்கு அது அதிர்ச்சி அல்ல. யார் எடுத்தது என்று அவவுக்கு இருபது வருடமாகத் தெரியும். "எங்கட ஓட்டைக் கழட்டினது பக்கத்து வளவு ஆள்தான்." பக்கத்து வளவில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். எங்களுக்கும் அவர்களுக்கும் கொடுக்கல் வாங்கல், பெருநாளுக்கும் நத்தாருக்கும் தட்டு மாறும் உறவு. முகாமில் நான் வளர்ந்த காலம் முழுக்க அந்த மனிதர் எங்கட வீட்டுக் கதைகளில் ஒரு கள்ளனாகத்தான் வந்தார். நானும் அப்படித்தான் நம்பினேன். ஓடு அவருக்குத் தேவைப்பட்டது, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, நன்மை அவருக்கு. வேறென்ன வேண்டும்?

திரும்பி வந்த பிறகு ஒருநாள், வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்ட அதே கேள்வியை உம்மாவிடம் கேட்டேன். "ஆரும்மா சொன்னது?" பெரியும்மா சொன்னா. பெரியும்மாவிடம் கேட்டேன். முகாமுக்கு மீன் கொண்டுவந்த ஒருவர் சொன்னாராம். அவருக்கு யார் சொன்னது? "மடுப் பக்கமிருந்து வந்த ஆரோ ஒராள் பார்த்தெண்டு சொன்னவராம்." அந்த ஆளின் பெயர் யாருக்கும் தெரியாது. மீன்காரர் மௌத்தாகிவிட்டார். மூன்றாவது கண்ணியில் தொடர் அறுந்துபோயிற்று. ஹதீஸ் கலையில் இப்படித் தொடர் அறுந்த அறிவிப்பை முன்கதிஃ என்பார்கள். அதை வைத்து ஒரு சட்டமும் எடுக்க மாட்டார்கள். நாங்களோ இருபது வருடம் ஒரு மனிதரைக் கள்ளனாக்கி வைத்திருந்தோம்.

அந்த மனிதரைக் கேட்கவும் முடியாது. 2008இல் இராணுவம் ஊரைப் பிடித்தபோது அவர்களும் வன்னிக்குள் ஓடியவர்கள். அவர் திரும்பி வரவில்லை. பிள்ளைகள்தான் வந்தார்கள். அவர்களுடைய வீட்டிலும் ஓடு இல்லை. இது அவர் குற்றமற்றவர் என்பதற்கு ஆதாரமல்ல. எடுத்திருக்கலாம், பிறகு பறிகொடுத்திருக்கலாம். ஒரு துப்பறியும் நாவல் என்றால் இந்த இடத்தில் ஒரு பழைய கப்பி அவர்கள் கிணற்றடியில் கிடக்கும், அல்லது உண்மைக் கள்ளன் வேறொருவன் என்று வெளிப்படும். அப்படி எதுவும் கிடைக்கவில்லை. தொடர் அறுந்துவிட்டது என்பதை உம்மாவுக்குச் சொன்னேன். அவ நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் இவ்வளவு காலமும் ஒரு மனுசன்ட பாவத்தைச் சுமந்தனானா?" என்று கேட்டா. கொஞ்சம் கழித்து இன்னொன்றும் சொன்னா: "ஆனா, ஓடு போனது உண்மைதானே மகள்."

வரலாற்று மர்மத்தை எழுத வருபவர்களுக்கு எங்கட உம்மா சொன்ன இந்த இரண்டு வரியைவிடப் பெரிய இலக்கணம் எனக்குத் தெரியாது. இழப்பு வேறு, குற்றச்சாட்டு வேறு. ஒன்று ஸஹீஹாக இருக்கும்போதே மற்றது ளஈஃபாக இருக்கலாம். குற்றச்சாட்டு பலவீனமானது என்று சொல்வதால் இழப்பைப் பொய்யென்று சொன்னதாக ஆகாது.

1990க்கும் இது பொருந்தும். வெளியேற்றம் நடந்தது, அதைச் செய்தது யார் என்பது முதவாதிர். ஆயிரமாயிரம் பேர் கண்ணால் கண்டு சொன்ன செய்தி அது, அதில் மர்மம் ஏதுமில்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் புலிகளின் தரப்பே அதைத் தவறென்று ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்குக் கீழே நூறு சிறு வழக்குகள் இருக்கின்றன. முடிவு எங்கே எடுக்கப்பட்டது, ஏன், எந்த அயலவர் அழுதார், எவர் சாவியை வாங்கி வைத்தார், எவர் கதவைக் கழற்றினார்? வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழு ஊர் ஊராகச் சாட்சியம் பெற்று 2011இல் அறிக்கை வெளியிட்டது. அந்த வேலை நாவலாசிரியருக்கு ஒரு களஞ்சியம். அங்கே இருந்து ஒரு நல்ல மீள்விசாரணை நாவல் நமக்குத் தமிழில் வர வேண்டும்.

வரும்போது பலன் கண்டவன் செய்தவன் என்ற சூத்திரத்தை அது வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். ஏனென்றால் எங்களை வெளியேற்றியதற்குப் பின்னால் இருந்ததும் அதே சூத்திரம்தான். முஸ்லிம்களுக்கு அரசாங்கத்தால் நன்மை, ஆகவே முஸ்லிம்கள் காட்டிக்கொடுப்பவர்கள். ஒருவர் செய்தாரா என்று விசாரிக்காமல் ஒரு சனத்தையே குற்றவாளியாக்கிக் காணியை எடுத்தார்கள். அந்தச் சூத்திரத்தால் அடிபட்ட நாங்களே அதை எடுத்துப் பக்கத்து வளவுக்காரர் மீது பிரயோகித்தால், எங்கட வழக்கின் நியாயத்தை நாங்களே பலவீனப்படுத்துகிறோம்.

எங்கட கரையில் அயலவருக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. 1544இல் மன்னாரில் புதிதாகக் கத்தோலிக்கராகிய 600 பேர் வரையில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டதாக மரபு. தோட்டவெளியில் அவர்கள் இன்றும் வேதசாட்சிகளாக நினைவுகூரப்படுகிறார்கள். போர்த்துக்கேயரின் பதிவுகள் ஒரு பக்கம், ஒல்லாந்தர் காலத்தில் எழுதப்பட்ட யாழ்ப்பாண வைபவமாலை இன்னொரு பக்கம். அரசன் கண்டது புதிய மதத்தையா, போர்த்துக்கேயப் படையின் முன்னணியையா? எதிரியின் ஆட்கள் என்ற சந்தேகத்தில் ஒரு கடற்கரைச் சனம் அழிந்தது என்று படிக்கும்போது, நானூறு வருடத்துக்குப் பிந்திய எங்கட கதையின் சாயல் அதில் தெரிகிறது. நம்மவர் ஒருவர் அந்த வழக்கையும், அவர்களில் ஒருவர் எங்கட 1990 வழக்கையும் நாவலாக எழுதினால் எப்படியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தன் பக்கத்து இறந்தவருக்காக எல்லோரும் துப்பறிவார்கள். அடுத்த பக்கத்து இறந்தவருக்காகவும் அதே கவனத்தோடு அறிவிப்பாளரைத் தேடிப் போகிறவரே உண்மையான துப்பறிவாளர்.

பின்வரிசைப் பிள்ளையின் கேள்விக்கு அன்றைக்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது. அடுத்த பாடவேளையில் கல்வெட்டில் இருப்பதைக் கரும்பலகையில் ஒரு பக்கமும், கல்கி சேர்த்ததை மறுபக்கமும் எழுதிக் காட்டினேன். கல்வெட்டுப் பக்கம் நான்கைந்து வரியோடு முடிந்துபோனது. "இவ்வளவுதானா டீச்சர்?" என்று கேட்டது அந்தப் பிள்ளை. இவ்வளவுதான் என்றேன். அது தன் கொப்பியில் இரண்டு பக்கத்தையும் கோடு கிழித்துப் பிரித்து எழுதிக்கொண்டது.